பாடுற குருவியையும் குட்டி மறிமானையும் ஒப்பிட்டு எழுதணுமா? மொத தடவை பண்றவங்களுக்கு

எங்க அக்கா பையன் எட்டாவது படிக்கிறான். ஸ்கூல்ல சீட்டு குலுக்கிப் போட்டு ஆளுக்கு ரெண்டு ஜீவராசி குடுத்து ஒப்பிட்டு எழுதிட்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க, இவனுக்கு வந்த சீட்டுல பாடும் பறவை ஒண்ணு, சின்ன மறிமான் (இங்கிலீஷ்ல ஆன்டிலோப்) ஒண்ணு. பத்தே நிமிசத்துல ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டு டேபிள் ரெடி பண்ணிட்டான். ரெக்கை உண்டு, ரெக்கை இல்லை. கால் ரெண்டு, கால் நாலு. முட்டை போடும், குட்டி போடும். மாமா முடிஞ்சுது, மொபைல் குடுங்கன்னு வந்து நின்னான்.

டேய், பஸ்ஸுக்கு சக்கரம் இருக்கு, இட்லிக்கு சக்கரம் இல்ல, இதுல எதுவும் தப்பில்ல, ஆனா படிச்சவனுக்கு பஸ்ஸைப் பத்தியும் தெரியல இட்லியைப் பத்தியும் தெரியலயேன்னு சொன்னேன். மொறச்சான். அப்புறம் மாமனும் மருமவனும் ஒரு மாசம் சுத்துனோம், சேலம் கன்னங்குறிச்சில எங்க வீட்டு மொட்டை மாடி, பக்கத்துத் தெரு ஆட்டுப்பட்டி, ஒரு ஞாயித்துக்கெழம ஏற்காடு. அதுல கத்துக்கிட்டதைத்தான் வரிசையா எழுதறேன். உங்க வீட்டுப் பசங்களுக்கும் ஆவும், இயற்கையைப் பாக்கறதுல புதுசா எறங்கற பெரியவங்களுக்கும் ஆவும்.

மொதல்ல பறவை. இங்கயே பாதிப் பேரு சறுக்கிடுவாங்க

பாடும் பறவைன்னதும் கை தானா குயில்னு எழுதும். எழுதாதீங்க. பாடும் பறவைங்கறது வெறும் புகழ்ச்சி வார்த்தை இல்ல, அது ஒரு குரூப்போட பேரு. மூச்சுக்குழாய் கீழ ரெண்டாப் பிரியற எடத்துல குரல் உறுப்பு ஒண்ணு இருக்கும், அதைப் புடிச்சு ஆட்டறதுக்கு நெறைய குட்டிக் குட்டி தசை இருக்கும், பாட்டைப் பெரிய பறவைங்க கிட்ட கேட்டுக் கேட்டு கத்துக்கும், அந்த வகையறாவுக்குத்தான் இந்தப் பேரு. குயில் அதுல சேத்தி இல்ல, அது வேற வம்சம். கூத்து என்னன்னா காக்கா அதுல சேத்தி. ஆமாங்க, கா கான்னு கத்தற காக்கா கணக்குப்படி பாடும் பறவை, கூவற குயில் கெடையாது. குயில் முட்டையைக் காக்கா அடைகாக்குதுன்னு நமக்கெல்லாம் தெரியும், அப்படின்னா ஒரு பாடும் பறவைதான் பாடும் பறவையே இல்லாத ஒண்ணை வளத்து விடுதுன்னு அர்த்தம். இதைக் கேட்டதும்தான் பையனுக்கு ப்ராஜெக்ட் மேல கொஞ்சம் ஆசையே வந்துச்சு.

சேலம் டவுனுக்குள்ள இருக்கறவங்களுக்கு என் ஓட்டு குண்டுக்கரிச்சானுக்கு. ஆண் கருப்பு வெள்ளை, பொண்ணு கருப்புக்குப் பதிலா சாம்பல் கலர், வாலை நட்டமா தூக்கி வெச்சுக்கிட்டுத் திரியும். அரையடிக்குக் கொஞ்சம் மேல நீளம், எடை சுமார் 40 கிராம், அதாவது பத்து ரூவா பிஸ்கெட் பாக்கெட்டை விடக் கம்மி. பங்களாதேஷ்ல இதுதான் தேசியப் பறவை, நம்ம ஊர்ல ஈபி கம்பத்து மேல உக்காந்திருக்கு, யாரும் ஏறிட்டுப் பாக்கறதில்ல. ஏற்காட்டுல இருக்கறவங்க செம்மீசைச் சின்னானை எடுத்துக்கலாம், காப்பித் தோட்டம் பூரா அதுதான், தலையில கூம்பாட்டம் கொண்டை, கன்னத்துல செவப்பு. ஆனா பாட்டுன்னு வந்துட்டா கரிச்சான்தான்.

அடுத்து மறிமான்

இதுலயும் அதே மாதிரி குழி ஒண்ணு இருக்கு. புள்ளிமான் எழுதினா போச்சு. தமிழ்ல எல்லாத்தையும் மான்னு சொல்லிடறோம், ஆனா மானுக்கும் மறிமானுக்கும் குடும்பமே வேற. மான் கொம்பு கெளை கெளையாப் பிரியும், விழுந்து மறுபடி மொளைக்கும். மறிமான் கொம்பு கெளை விடாது, விழாது, உள்ள எலும்பு, மேல நம்ம நகம் எதால ஆனதோ அதே பொருள்ல உறை, அவ்வளவுதான். இரலைன்னு பழைய தமிழ்ல சொன்னது இந்த வகையறாவைத்தான். கேளையாடுன்னு ஒண்ணு இருக்கு, பேர்ல ஆடு, ஆளு மான் குடும்பம். சருகுமான்னு ஒண்ணு இருக்கு, பேர்ல மான், ஆனா மானும் இல்ல மறிமானும் இல்ல, தனிக் குடும்பம். பேர் வெச்ச நம்ம தாத்தாக்களைக் குத்தம் சொல்ல முடியாது, அவங்க கண்ணுக்கு எப்படிப் பட்டுச்சோ அப்படி வெச்சாங்க.

சரி, எந்த மறிமான்? வெளிமான் எடுக்கலாம், கிண்டிலயும் கோடியக்கரைலயும் இருக்கு, ஆனா அது சின்னது கெடையாது. நாற்கொம்பு மான் இருக்கு, ஆணுக்கு நெசமாவே நாலு கொம்பு, 20 கிலோ பக்கம் வரும், இந்தியா நேபாளம் தவிர ஒலகத்துல வேற எங்கயும் கெடையாது. நல்ல சாய்ஸ்தான், ஆனா கூச்ச சுபாவம், தனியா ஒதுங்கித் திரியற ஜாதி, அதோட குடும்ப வாழ்க்கையைப் பத்தி எழுத சரக்கு கம்மி. கடைசில நாங்க புடிச்சது டிக்டிக். ஆப்பிரிக்கா ஆளு, கென்யா, தான்சானியா பக்கம் முள்ளுப் புதர்க்காட்டுல இருக்கும், நின்னா ஒரு அடிக்குக் கொஞ்சம் மேல, எடை 5 கிலோ அக்கம்பக்கம். பயந்தா மூக்கு வழியா டிக் டிக்னு சத்தம் குடுத்துட்டு வளைஞ்சு வளைஞ்சு ஓடும், பேரே அந்தச் சத்தத்துலேர்ந்து வந்ததுதான். இதை எடுத்ததுக்குக் காரணம் ரெண்டு. கரிச்சான் மாதிரியே ஜோடியா வாழும், கரிச்சான் மாதிரியே தனக்குன்னு எடம் புடிச்சு வெச்சுக்கும்.

இப்ப முக்கியமான வேலை: கேள்வி

டேபிளைக் கிழிச்சுப் போட்டுட்டு ரெண்டுக்கும் பொதுவா ஒரே ஒரு கேள்வி கேளுங்க. அந்த ரெண்டு ஜீவனும் தெனமும் பதில் சொல்லியாக வேண்டிய கேள்வியா அது இருக்கணும். நாங்க எடுத்தது, இது என் எடம் உள்ள வராதேன்னு எப்படிச் சொல்லுது?

கரிச்சான் பாடிச் சொல்லுது. டிக்டிக் வாசனை வெச்சுச் சொல்லுது. டிக்டிக் கண்ணு ஓரத்துல மூக்குப் பக்கமா ஒரு சுரப்பி இருக்கு, கருப்பா பிசுபிசுன்னு தார் மாதிரி ஒண்ணு அதுலேர்ந்து வரும், குச்சி நுனியையோ புல்லு நுனியையோ அந்தக் குழிக்குள்ள பதமா விட்டு ஒரு சொட்டு ஒட்ட வெச்சுட்டுப் போயிடும். அது போக எல்லையில அங்கங்க ஜோடியாப் புழுக்கை போட்டுக் குமிச்சு வெக்கும், ஒரே எடத்துல திரும்பத் திரும்ப.

பையனுக்கு இது புரியல, பாட்டுன்னா சரி, புழுக்கை எப்படிப் பேசும்னு கேட்டான். சேலம் புது பஸ் ஸ்டாண்டுல வெச்சுத்தான் புரிய வெச்சேன். கண்டக்டர் வாசப்படியில நின்னுக்கிட்டு வாழப்பாடி ஆத்தூர், வாழப்பாடி ஆத்தூர்னு கத்தறாரு, அது கரிச்சான். அவர் டீ குடிக்கப் போயிட்டாரு, அப்பவும் பஸ் நெத்தியில ஆத்தூர்னு போர்டு இருக்கு, அது டிக்டிக். கத்துனா தூரத்துக்குக் கேக்கும், உடனே கேக்கும், ஆனா ஆளு அங்க நிக்கணும், நிறுத்துனா அழிஞ்சு போச்சு. போர்டு ஆளில்லாதப்பவும் ராத்திரிலயும் வேலை செய்யும், ஆனா கிட்ட வந்தாத்தான் படிக்க முடியும். இன்னொண்ணும் இருக்கு, கத்துனா எதிரிக்கும் கேக்கும். பறவைக்குப் பறந்து தப்பிக்க வழி இருக்கு, அதனால உச்சிக் கொம்புல உக்காந்து கத்துது. 5 கிலோ மிருகம் சிறுத்தையும் கழுகும் இருக்கற காட்டுல நின்னு தெனமும் அரை மணி நேரம் பாடிச்சுன்னா ஒரு வாரம் தாங்குமா? இது என் ஊகம்தான், ஆனா இந்த மாதிரி ஊகம் வர ஆரம்பிச்சாத்தான் ஒப்பிடறதுல ஒரு ருசி.

பறவையைப் பாக்கறது எப்படி

தேவையானது ஒரு நோட்டு, பென்சில், மொபைல். பைனாகுலர் இருந்தா நல்லது, 8க்கு 42ன்னு போட்டிருக்கும், அது போதும், இல்லாட்டியும் கரிச்சானுக்குத் தேவைப்படாது. காத்தால அஞ்சரைக்கு மொட்டை மாடிக்குப் போயிடணும். ஆறரைக்குப் போனா ஸ்கூல் வேன் ஹாரன்தான் கேக்கும்.

மொதல்ல வீட்டைச் சுத்தி ஒரு மேப் வரைங்க, அழகா இருக்கணும்னு இல்ல, முருங்க மரம், வாட்டர் டேங்க், கரண்டு கம்பம், கேபிள் வொயர், பாழுங்கெணறு, எது எங்க இருக்குன்னு தெரிஞ்சாப் போதும். ஆண் எங்கெங்க உக்காந்து பாடுதோ அங்க ஒரு புள்ளி. ஒரு வாரம் புள்ளி வெச்சுட்டு வெளியோரப் புள்ளிங்களை மட்டும் சேத்துக் கோடு இழுத்தீங்கன்னா அதோட எல்லை வந்துடும், கோலத்துக்குப் புள்ளி வெச்சுக் கோடு இழுக்கற மாதிரியேதான். பறவை ஆராய்ச்சி பண்றவங்களும் இப்படித்தான் எல்லை கண்டுபுடிக்கறாங்க, அவங்க கொஞ்சம் காஸ்ட்லியா பண்ணுவாங்க. எங்க மேப்புல நாலு எடம் வந்துச்சு, மூணாவது வீட்டு வாட்டர் டேங்குக்கு அந்தாண்ட இன்னொரு ஆண், ரெண்டும் மாறி மாறிப் பாடும், இது நிறுத்துனா அது, அது நிறுத்துனா இது, ரெண்டு டீக்கடையில ரெண்டு ரேடியோ மாதிரி.

அஞ்சு நிமிசத்துக்கு எத்தனை தடவை பாடுதுன்னு எண்ணுங்க. அஞ்சரைக்கு ஒரு தடவை, ஏழுக்கு ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. மொபைல்ல ரெக்கார்ட் பண்ணிக்கோங்க, மெர்லின் ஆப் வெச்சிருந்தா பேரையும் சொல்லிடும், ஆனா அது சொல்றதை அப்படியே நம்பாதீங்க, கரிச்சான் மத்த பறவைங்க கொரலை எடுத்துச் சொருகிப் பாடற ஆளு.

ஒண்ணு மட்டும் பண்ணாதீங்க. ரெக்கார்ட் பண்ணுன பாட்டைத் திருப்பிப் போட்டுக் காட்டாதீங்க. வேற ஆண் வந்துட்டான்னு நெனச்சு அது பாட்டுக்கு தீனி, கூடு எல்லாத்தையும் விட்டுட்டு சண்டைக்கு வந்து நிக்கும். எங்க வீட்டுல ஒருத்தன் பண்ணுனான், யாருன்னு சொல்ல மாட்டேன், அந்தக் குருவி கால் மணி நேரம் மாடிக் கைப்புடிச் சொவத்தை விட்டு எறங்கல.

ஆப்பிரிக்கா போக முடியாது, ஆட்டுப்பட்டிக்குப் போகலாம்

மறிமான், ஆடு, செம்மறி, மாடு எல்லாம் ஒரே குடும்பம். டிக்டிக் வீடியோவுல கெடைக்கும், ஆனா வீடியோவுல நாத்தம் வராதே. அதனால பட்டிக்குப் போங்க. நம்ம ஜில்லாவுல இதுக்குப் பஞ்சமா, சேலம் கருப்புன்னு வெள்ளாட்டு இனமே நம்ம பேர்ல இருக்கு, மேச்சேரி செம்மறியும் நம்ம ஊர்ச் சொத்து.

வெள்ளாட்டுக் கிட்ட மூணு விசயம் பாருங்க. கண்ணு பாப்பா படுத்த கோடு மாதிரி இருக்கும், டிக்டிக்குக்கும் அப்படித்தான், தரை ஓரமா நாலு பக்கமும் பாக்கறதுக்கு. படுத்துக்கிட்டு அசை போடும்போது தொண்டையில உருண்டை மேல வர்றதைப் பாத்துட்டு எத்தனை மெல்லு மெல்லுதுன்னு எண்ணுங்க, டிக்டிக்குக்கும் அதே நாலு அறை வயிறுதான். கரிச்சானுக்குப் பல்லே இல்ல, புழு பூச்சி நேரா உள்ள போயிடும், அரைக்கற வேலையை வயித்துல தசைப்பை பாத்துக்கும். மூணாவது கிடா நாத்தம். கிடா எங்க கட்டியிருக்குன்னு பட்டிக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே தெரிஞ்சு போயிடும் இல்ல? வாசனையும் ஒரு பேச்சுன்னு அப்பத்தான் ஒறைக்கும். பையன் மூக்கைப் பொத்திக்கிட்டே நோட்டுல எழுதுனான்.

ஆனா அந்தக் கண்ணோரக் குழி வெள்ளாட்டுக்குக் கெடையாது, தேடித் தேடி ஏமாறாதீங்க. செம்மறிக்கு இருக்கு. மேச்சேரி ஆட்டை ஒருத்தரைப் புடிச்சுக்கச் சொல்லிட்டு கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவுல விரலால தடவுனா சின்னப் பள்ளம் தட்டுப்படும். ஆட்டுக்காரம்மா கிட்ட மொதல்ல கேட்டுக்கோங்க, நாங்க கேக்காம தொட்டுட்டு "என்னடா தம்பி, வெல பேச வந்தியா வேடிக்க பாக்க வந்தியா"ன்னு வாங்கிக் கட்டிக்கிட்டோம், அப்புறம் அவங்களே புடிச்சுக் காமிச்சாங்க, அந்தக் குழியில சேருற அழுக்கைத் துணியால தொடச்சு விடணும்னும் சொன்னாங்க. ஆடே வேணாம்னா குரும்பப்பட்டி பூங்காவுல புள்ளிமானைப் பாருங்க, அது மான் குடும்பம்தான், ஆனா அந்தக் குழி அதுக்கும் உண்டு, கோவம் வந்தா நல்லா விரிச்சுக் காட்டும்.

ஏற்காடு போனோம்னு சொன்னேன்ல, இருவது கொண்டை ஊசி வளைவும் ஏறி, வழியில கொரங்குக்கு ஒரு பன்னு தானம் குடுத்து (நாங்க குடுக்கல, அதுவே எடுத்துக்கிச்சு), காப்பித் தோட்டத்து ரோட்டுல சின்னான் பாத்துக்கிட்டு நடந்தா தூரத்துல காட்டுமாடு நிக்குது. அதுவும் டிக்டிக் குடும்பம்தாண்டான்னு சொன்னா நம்பல. ஆண் காட்டுமாடு 1000 கிலோ வரைக்கும் வரும், 200 டிக்டிக்கைத் தராசுல ஏத்தணும். காட்டுமாடு பாத்தா நின்ன எடத்துலேர்ந்து பாத்துட்டுத் திரும்பிடுங்க, செல்ஃபி எல்லாம் வேணாம்.

வெயில்

இது சேலத்துக்காரங்களுக்குன்னே இருக்கற பகுதி. சித்திரை மத்தியானம் மாடியேறிப் பாருங்க, கரிச்சான் நெழல்ல அலகைத் தெறந்து வெச்சுக்கிட்டு மூச்சு வாங்கும். பறவைக்கு வேர்க்காது, வாய் வழியாத்தான் சூட்டை எறக்கணும். டிக்டிக்குக்கு மூக்கு நீளம், குட்டித் தும்பிக்கை மாதிரி நாலு பக்கமும் ஆட்டும், அதுக்குள்ள காத்து போயிட்டு வரும்போது ரத்தம் குளுந்துடும், அந்த மூக்குதான் அதுக்கு ஏர்கூலர். தண்ணியும் பெருசாக் குடிக்காது, எலையிலயும் பனியிலயும் இருக்கற ஈரமே பெரும்பாலும் போதும். கரிச்சான் அப்படி இல்ல, மாடியில தொட்டி வெச்சீங்கன்னா குடிக்கும், குளிக்கும், சுத்தி நனைச்சுட்டும் போகும்.

குடும்பக் கதை

எனக்கு ரொம்பப் புடிச்ச எடம் இது. ரெண்டும் ஜோடிதான், ஆனா ஜோடிங்கற வார்த்தைக்கு ரெண்டு வீட்டுலயும் அர்த்தம் வேற.

கரிச்சான் பொந்துல கூடு கட்டும், மரப்பொந்து, செவுத்து ஓட்டை, எங்க தெருவுல உபயோகம் இல்லாத பைப்புல கூட கட்டியிருந்துச்சு. பொண்ணு மட்டும் அடைகாக்கும், ரெண்டு வாரத்துக்குள்ள பொரிச்சுடும், குஞ்சு கண்ணு தெறக்காம, மயிரு இல்லாம, வெறும் வாயும் வயிறுமா இருக்கும். அப்பாவும் தீனி கொண்டாரும், காவல் காக்கும், சுமார் பதினஞ்சு நாள்ல குஞ்சு கூட்டை விட்டு வெளிய வந்துடும். டிக்டிக் வயித்துல ஆறு மாசம் பக்கம் சுமந்து ஒத்தைக் குட்டி போடும், குட்டி முழுசா மயிரோட பொறக்கும், மொத ரெண்டு மூணு வாரம் புதருக்குள்ள அசையாம படுத்துக் கெடக்கும், அம்மா வந்து வந்து பால் குடுக்கும். அப்பா? ஒண்ணும் பண்ணாது. குட்டி பக்கமே பெருசா எட்டிப் பாக்காது. ஆனா பொண்டாட்டியை விட்டு அங்க இங்க நகராது.

ரொம்ப காலமா ஜோடிப் பறவைன்னா ஒருத்தனுக்கு ஒருத்தின்னு எல்லாரும் நெனச்சிட்டிருந்தாங்க. 1980கள்ல டிஎன்ஏ வெச்சு குஞ்சுக்கு அப்பா யாருன்னு பாக்க ஆரம்பிச்சதும் பல பாடும் பறவை இனங்கள்ல ஒரே கூட்டுக்குள்ள பக்கத்து வீட்டு ஆணோட குஞ்சும் இருக்கறது தெரிஞ்சுது. டிக்டிக்கை அதே மாதிரி சோதிச்சு 1997ல வெளியிட்டாங்க, பாத்த குட்டி எதுவும் வெளி ஆளோடது இல்ல. உடனே டிக்டிக்குக்கு செலை வெக்க வேணாம். பொண்ணு புழுக்கை போட்டுட்டு நகந்ததும் ஆண் போய் கால்ல கீறிட்டு அது மேலயே தன்னோடதைப் போட்டு மூடும், அவ வாசனை அடுத்தவனுக்குப் போகக் கூடாதுன்னு. மேல கேட்ட கேள்வி இங்க திரும்ப வருது பாருங்க, எல்லையில போர்டு வெச்ச அதே சாமானை வெச்சுத்தான் வீட்டுக்குள்ள போர்டை அழிக்குது. புள்ளை வளக்கற அப்பாவுக்குப் புள்ளை மேல கேரண்டி இல்ல, கேரண்டி இருக்கற அப்பா புள்ளை வளக்கறதில்ல. இதை சார்ட்ல எப்படி எழுதறதுன்னு அக்கா முழிச்சா, "தந்தையின் பங்கு"ன்னு தலைப்பு போட்டு டீசென்ட்டா சமாளிச்சோம்.

எழுதும்போது

மொத வரியில கேள்வியைப் போடுங்க. அதுக்குக் கீழ நீங்க கண்ணால பாத்தது ஒரு கலர் பேனா, படிச்சுத் தெரிஞ்சது இன்னொரு கலர். இது ரொம்ப அவசியம், கரிச்சான் பக்கம் பூரா நீலமாவும் டிக்டிக் பக்கம் பூரா பச்சையாவும் வரும், நடுவுல ஆடு ரெண்டு கலர்லயும் இருக்கும், அப்படித்தான் இருக்கணும். மேப்பை ஒட்டுங்க. டேபிள் போட்டே ஆகணும்னு ஸ்கூல்ல சொன்னா கடைசிப் பக்கத்துல நாலே வரி போடுங்க, எடம் காட்டறது, சூடு தணிக்கறது, குஞ்சு குட்டி, அப்பா. காலை எண்ணாதீங்க.

ஒரு விசயம், ஐப்பசி கார்த்திகைல ஆரம்பிச்சுட்டு கரிச்சான் பாடவே இல்லன்னு என்னைத் திட்டாதீங்க. மாசி கடைசில சுதி ஏத்தும், பங்குனிலேர்ந்து ஆனி வரைக்கும் கச்சேரி, அதுக்கப்புறம் அங்கயேதான் இருக்கும், ஆனா பாட்டு கம்மியாயிடும். டிக்டிக் வருசம் பூரா போர்டு மாட்டும், ஆட்டுப்பட்டியும் வருசம் பூரா தெறந்திருக்கும். அதனால சீட்டு மழைக்காலத்துல வந்துச்சுன்னா மொதல்ல பட்டிக்குப் போயிட்டு வந்துடுங்க.